கலியாண வீட்டில் ஒரு கொலை: தொங்கல் கணக்குத் தீரும் கதைகள்

நாம் வாழும் நாடுகளின் பொது நூலகங்களில் 'மிஸ்டரி' என்று எழுதியிருக்கும் தட்டுகளுக்கு முன்னால் ஒருமுறை நின்று பாருங்கள். ஒரு புத்தகத்தின் அட்டையில் மூன்றடுக்குக் கலியாணக் கேக், அதன் பக்கத்தில் ஒரு பூனை, பின்னால் வெள்ளைத் தூண்கள் வைத்த பெரிய வீடு. சமையல் புத்தகத்தை யாரோ தட்டு மாறி வைத்துவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். சிலவற்றின் கடைசிப் பக்கங்களில் உண்மையாகவே சமையற் குறிப்பும் இருக்கும். ஆனால் உள்ளே நாலைந்து அத்தியாயம் தாண்டுவதற்குள் ஒரு பிணம் விழுந்துவிடும்.

இவற்றுக்கு ஆங்கிலத்தில் 'கோஸி மிஸ்டரி' என்று பெயர். கோஸி என்றால் கதகதப்பு. தேநீர்ச் சாடி ஆறாமலிருக்க மேலே போடும் துணி உறைக்கும் இதே பெயர்தான். கொலைக்கும் கதகதப்புக்கும் என்ன சம்பந்தம், அதிலும் அமெரிக்கத் தென்மாநிலத்துச் சிறு ஊர்க் கலியாணத்தில் நடக்கும் கொலையை வாசித்து ஏன் சிரிக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வணிகம் படித்து, மற்றவர்களுடைய பற்றுச்சீட்டுகளை மேசையில் கொட்டி அடுக்கிப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கதைகள் ஏன் இவ்வளவு பிடிக்கின்றன என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

கோஸியின் சட்டதிட்டம்

கோஸி கதைக்கு எழுதாச் சட்டங்கள் சில இருக்கின்றன. கொலை நடக்கும், ஆனால் இரத்தம் தெறிப்பதை நாம் பார்ப்பதில்லை. படுக்கையறைக் கதவு மூடியே இருக்கும். கெட்ட வார்த்தை குறைவு. துப்பறிபவர் பொலிஸ்காரர் அல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியை, நூலகர், வெதுப்பகம் நடத்தும் பெண் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர். ஊர் சின்னது. ஒருவர் விடுப்பு மற்றவர் காதுக்குப் போக ஒரு மணித்தியாலம் கூட எடுக்காது. செத்தவர் பெரும்பாலும் ஊரில் யாருக்கும் பெரிதாகப் பிடிக்காதவர். கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி பிடிபடுவார், ஊர் பழைய நிலைக்குத் திரும்பும், எல்லோரும் சாப்பிடுவார்கள்.

இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அகதா கிறிஸ்டி முதலாம் உலகப் போர்க் காலத்தில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்தவர். நஞ்சைப் பற்றிய அறிவு அங்கே கிடைத்தது. அவருடைய முதல் மிஸ் மார்ப்பிள் நாவல் 1930இல் வெளிவந்தது. சென் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமத்தில், பின்னல் ஊசியும் கையுமாக இருக்கும் ஒரு கிழவி, பொலிஸ் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு போவாள். அவளுடைய ஆயுதம் ஒன்றுதான்: மனித சுபாவம் எங்கும் ஒன்று, அதைத் தன் கிராமத்திலேயே போதுமான அளவு பார்த்துவிட்டேன் என்ற நம்பிக்கை.

அதற்கு ஒரு வருடம் முன்னர், 1929இல், ரொனால்ட் நொக்ஸ் என்ற கத்தோலிக்கக் குருவானவர் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும். துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக்கூடாது. அதிர்ஷ்டத்தால் விடை கிடைக்கக்கூடாது. எங்கள் தொழிலில் இதைக் கணக்காய்வுக்குரிய ஒழுங்கு என்போம். முடிவுக்கு வந்த வழியை வேறொருவர் திரும்ப நடந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த வகையை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது தொலைக்காட்சி. 'மேர்டர், ஷி ரோட்' தொடர் 1984 தொடக்கம் 1996 வரை 264 பகுதிகள் ஓடியது. கபட் கோவ் என்ற சின்னக் கடற்கரை ஊரில் அத்தனை பேர் கொலையானால் அந்த ஊரில் மிச்சம் யார் இருப்பார்கள் என்பது அந்தக் காலத்திலேயே பகிடியாகிவிட்டது. 1989இலிருந்து வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இந்த வகை எழுத்துக்கென்றே 'மலிஸ் டொமெஸ்டிக்' என்ற மாநாடு ஆண்டுதோறும் நடக்கிறது. அங்கே கொடுக்கும் விருதுக்குப் பெயர் அகதா.

ஏன் தென்மாநிலம்? ஏன் கலியாணம்?

கோஸிக்குத் தேவை ஒரு மூடிய வட்டம். கிறிஸ்டி அதற்காகச் சில வேளை தீவையும் பனியில் சிக்கிய இரயிலையும் தேடிப் போனார். தென்மாநிலத்து எழுத்தாளருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு கலியாண அழைப்பிதழ் போதும். பெயர்ப்பட்டியலே சந்தேக நபர்களின் பட்டியல். வராதவர் ஏன் வரவில்லை, அழைக்காதவர் ஏன் வந்து நிற்கிறார் என்று இரண்டு கேள்வி இலவசமாகக் கிடைக்கும்.

அந்த ஊர்க் கலியாணச் சடங்குகளும் கதைக்கு வசதியானவை. கலியாணத்துக்கு முதல் நாள் மாலை ஒத்திகை விருந்து. வழமைப்படி அது மாப்பிள்ளை வீட்டுச் செலவு. இரண்டு சம்பந்தி வீட்டாரும் ஒரே மேசையில், எழும்பிப் போகவும் முடியாமல், மனதில் இருப்பதைச் சொல்லவும் முடியாமல் இருக்கும் மூன்று மணித்தியாலம். அடுத்தது மாப்பிள்ளைக் கேக். பெண்ணுக்கு வெள்ளைக் கேக், மாப்பிள்ளைக்கு அவருடைய பொழுதுபோக்குக்கு ஏற்ற வடிவத்தில் தனிக் கேக். லூசியானாவில் நடக்கும் 'ஸ்டீல் மக்னோலியாஸ்' 1987இல் நாடகமாகவும் 1989இல் படமாகவும் வந்தது. அதில் மாப்பிள்ளைக் கேக் ஆர்மடில்லோ என்ற ஓடு போர்த்த விலங்கின் வடிவம். வெட்டினால் உள்ளே இரத்தச் சிவப்பு. படத்தில் கொலையே இல்லை, ஆனால் கேக் மட்டும் ஆயத்தமாக நிற்கிறது.

இன்னொன்று, போத்தல் புதைப்பது. கலியாணத்துக்கு ஒரு மாதம் முதல், சடங்கு நடக்கும் இடத்தில் போர்பன் விஸ்கிப் போத்தல் ஒன்றைத் தலைகீழாக மண்ணில் புதைத்தால் அன்று மழை வராது என்று நம்பிக்கை. பிறகு தோண்டி எடுத்துக் குடிப்பார்கள். போத்தலைத் தேடித் தோண்டப் போனவர்கள் வேறொன்றைத் தோண்டி எடுக்காமல் விட்டால்தான் ஆச்சரியம். இதில் இன்னொரு வேடிக்கை, தென்மாநிலங்களில் மது விற்பனைக்குத் தடையுள்ள கவுண்டிகள் இன்னமும் உண்டு. டெனசியில் ஜாக் டானியல்ஸ் விஸ்கி வடிக்கும் லிஞ்ச்பேர்க் ஊர் அமைந்திருப்பதே அப்படியான ஒரு கவுண்டியில்தான். வெளியே ஒரு முகம், சமையலறை அலுமாரிக்குள் வேறொரு முகம். துப்பறியும் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

எல்லாவற்றிலும் பெரிய வசதி நிர்வாகம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டியின் ஷெரிப் வாக்கில் தெரிவாகிறவர். ஜோர்ஜியா, மிசிசிப்பி, தென் கரோலினா போன்ற இடங்களில் நாம் திடீர் மரண விசாரணை அதிகாரி என்று சொல்பவரும் வாக்கில் தெரிவாகிறவரே. அவர் வைத்தியராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மலர்ச்சாலை நடத்துபவர்கள் அந்தப் பதவியில் இருப்பதும் உண்டு. ஆகவே பொம்பிளையின் மாமா ஷெரிப்பாக இருந்து, நவம்பரில் தேர்தலும் வந்தால், அவர் யாரை விசாரிப்பார், யாரை விடுவார்? கதையில் ஓய்வுபெற்ற ஆசிரியை மூக்கை நுழைக்க வேண்டி வருவது இந்த இடத்தில்தான். அவளுக்கு யாருடைய வாக்கும் தேவையில்லை.

பற்றுச்சீட்டு இலக்கம் 48

இது எப்படி வேலை செய்கிறது என்று காட்ட நாமே ஒரு மாதிரிக் கதை போட்டுப் பார்ப்போம். பெயர்கள் வேண்டாம், ஆட்கள் போதும்.

ஜோர்ஜியாவில் ஒரு சின்ன ஊர். கலியாண ஏற்பாட்டாளர் பெண்மணி ஒத்திகை விருந்து நடக்கும்போது தேவாலய மண்டபச் சமையலறையில் செத்துக் கிடக்கிறாள். பெண்ணின் தாய் அவளோடு மேசைவிரிப்பு நிறத்துக்காகச் சண்டை பிடித்தவள். மாப்பிள்ளையின் தாய், தன் வெள்ளிக் கிண்ணத்தை அவள் கீறிவிட்டாள் என்று மூன்று மாதமாகப் பேசாமல் இருந்தவள். கேக் செய்பவருக்கு அவள் காசு பாக்கி. ஓர்கன் வாசிப்பவரை அவள் மாற்றப் பார்த்தாள். மரண விசாரணை அதிகாரியோ ஊர் மலர்ச்சாலைக்காரர். கலியாணத்துக்குக் கதிரையும் கூடாரமும் கொடுத்ததும் அவரே. நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே கதிரை என்பதால் அவர் எதையும் திருப்பி ஏற்றாமல் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறார்.

எல்லோரும் கத்தியையும் கிண்ணத்தையும் தேட, ஓய்வுபெற்ற ஆசிரியை மண்டபத்தின் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறாள். 47 இருக்கிறது, 49 இருக்கிறது, 48 இல்லை. ஏற்பாட்டாளர் மண்டபத்துக்கு முற்பணம் கட்டினாள், சீட்டுக் கிடைத்தது, காசு தேவாலய வங்கிக் கணக்குக்குப் போகவே இல்லை. அதைக் கேட்கத்தான் அன்று சமையலறைக்குப் போனாள். கொலைகாரர், ஊரிலேயே மிக அன்பான மனிதரான தேவாலயப் பொருளாளர். அந்த 48ஆம் சீட்டு எங்கே? முப்பதாம் பக்கத்தில் ஆசிரியையின் தமக்கை கேக் கடையில் இருந்துகொண்டு பிமென்டோ சீஸ் செய்முறையை ஏதோ ஒரு துண்டுக் கடதாசியின் பின்பக்கத்தில் எழுதினாளே, அதுதான். நாமும் அதை வாசித்தோம். வாசித்துவிட்டுச் சீஸைப் பற்றி யோசித்துக்கொண்டு போனோம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தச் செய்முறையும் இருக்கும்.

கணக்கியல் படித்தவர்களுக்குத் தொங்கல் கணக்கு ஞாபகம் இருக்கும். பரீட்சைமீதி எடுக்கும்போது இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால், வித்தியாசத்தை ஒரு தற்காலிகக் கணக்கில் போட்டுவைப்போம். பிழை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிபட அது குறைந்துகொண்டு வரும். எல்லாம் திருந்தியதும் மீதி பூச்சியம், கணக்கு மூடப்படும். ஆங்கிலத்தில் அந்தக் கணக்கின் பெயர் 'சஸ்பென்ஸ்'. மர்மக் கதையில் வாசகரைத் தொங்கவிடும் அதே சொல். கோஸி கதை என்பது முந்நூறு பக்கத்துக்குள் மூடியே தீரவேண்டிய தொங்கல் கணக்கு. எங்களுக்கு அது பிடிக்கும் காரணம் இதுதான்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது

சாவைப் பார்த்து அங்கே யாரும் சிரிப்பதில்லை. சாவு நடந்த பிறகும் மரியாதை குறையாமல் பார்த்துக்கொள்ள மனிதர் படும் பாட்டைப் பார்த்துத்தான் சிரிப்பு. பிணம் போன கையோடு வீட்டுக்கு வந்து குவியும் வேகவைத்த காசரோல் தட்டுகள். எந்தத் தட்டு யாருடையது என்று அடியில் ஒட்டிய பெயர். அதைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது நடக்கும் விசாரணை. 'அவளுடைய மனதை ஆண்டவன் ஆசீர்வதிக்கட்டும்' என்று ஒரு பெண் தொடங்கினால், அடுத்து வருவது ஆசீர்வாதமாக இருக்காது என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

இந்தச் சிரிப்பின் கைதேர்ந்த ஆள் ஆன் ஜோர்ஜ். அலபாமாவில் ஆசிரியையாக இருந்தவர், கவிஞர். அவருடைய தொடரில் இரண்டு சகோதரிகள்: ஓய்வுபெற்ற ஆசிரியையான ஒல்லித் தங்கை, மூன்று பணக்காரக் கணவர்களைப் புதைத்த உருவில் பெரிய தமக்கை. அறுபது வயதிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிச் சண்டை பிடிப்பார்கள். முதல் நாவலுக்கு அகதா விருது கிடைத்தது. 1997இல் வந்த 'மேர்டர் ரன்ஸ் இன் த பமிலி' கலியாணத்தில்தான் தொடங்குகிறது. மாப்பிள்ளை வழி உறவாக வந்த வம்சாவளி ஆராயும் பெண்மணி ஒருவர், சில நாளில் நீதிமன்றக் கட்டிடத்தின் மேல்மாடியிலிருந்து விழுந்து இறக்கிறார். குடும்ப மரத்தைத் தோண்டுவதும் ஆபத்தான தொழில் என்று அப்போது தெரியவருகிறது. அவருடைய ஊர் பேர்மிங்ஹாம் பெரிய நகரம்தான். ஆனால் அந்தச் சகோதரிகள் நடமாடினால் எந்த நகரமும் சின்ன ஊராகிவிடும்.

வட கரோலினாவுக்கு மார்கரெட் மரன். அவருடைய டெபோரா நொட் ஒரு நீதிபதி. தகப்பன் கள்ளச்சாராயம் வடித்த பேர்வழி. மேலே பதினொரு தமையன்மார். தொடரின் முதல் நாவல் 'பூட்லெகர்ஸ் டோட்டர்' 1992இல் வெளிவந்து எட்கர், அகதா உட்பட நான்கு பெரிய விருதுகளை அள்ளியது. 2005இல் வந்த 'ரிச்சுவல்ஸ் ஒவ் த சீசன்' நாவலில் டெபோராவுக்கே கலியாணம். மாப்பிள்ளை ஷெரிப் அலுவலகத்து அதிகாரி. நத்தார் நெருங்குகிறது, கலியாணம் நெருங்குகிறது, இடையில் அரசு வழக்கறிஞர் ஒருவர் சுடப்படுகிறார். மரனிடம் சிரிப்பு மெல்லியது, நிலமும் குடும்பமும் கனமானவை.

பேரேட்டில் எழுதாமல் விட்டவை

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால் கணக்காய்வு முடியாது. தென்மாநிலத்துச் சிறு ஊர் உண்மையில் கதகதப்பான இடமா?

1955இல் சிக்காகோவிலிருந்து மிசிசிப்பியின் மணி என்ற சிற்றூருக்கு உறவினரைப் பார்க்க வந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எமெட் டில் கொல்லப்பட்டான். இரண்டு வெள்ளையர் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் கொண்ட ஜூரி ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் கூடியிருந்து அவர்களை விடுவித்தது. சில மாதத்தில் அந்த இருவரும் சஞ்சிகை ஒன்றிடம் காசு வாங்கிக்கொண்டு, தாங்கள்தான் செய்தோம் என்று சொன்னார்கள். 1964இல் அதே மாநிலத்தின் பிலடெல்பியா ஊரருகே குடியுரிமைப் போராட்ட இளைஞர் மூவர் கொல்லப்பட்டபோது, சதியில் ஷெரிப்பின் உதவியாளரே இருந்தார். அந்தக் கொலைகளுக்காக மாநில நீதிமன்றம் முதன்முதலில் ஒருவரைக் குற்றவாளியாகக் கண்டது 2005இல், 41 வருடம் கழித்து.

அங்கெல்லாம் யார் செய்தது என்பது மர்மமே அல்ல. ஊருக்கே தெரிந்திருந்தது. விடுப்புக்குக் குறைவில்லாத ஊர் அந்த ஒரு விடயத்தில் மட்டும் வாய் திறக்கவில்லை. கோஸி கதையின் சின்ன ஊரில் எல்லோரும் எல்லாவற்றையும் கவனிப்பதால் உண்மை வெளிவருகிறது. உண்மையான சின்ன ஊரில் எல்லோரும் கவனித்துவிட்டுப் பேசாமல் இருந்ததால்தான் உண்மை புதைந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வாசிக்க வேண்டும்.

இந்த வகைக்குள்ளிருந்தே அப்படி எழுதிய ஒருவர் பார்பரா நீலி. 1992இல் வந்த அவருடைய 'பிளாஞ்ச் ஒன் த லாம்' நாவலும் வட கரோலினாக் கதைதான். மரனுக்குச் சிறந்த நாவலுக்கான அகதா கிடைத்த அதே ஆண்டில் முதல் நாவலுக்கான அகதா இவருக்கு. நாயகி பிளாஞ்ச் வீட்டுவேலை செய்யும் கறுப்பினப் பெண். வேலை வாங்கியவர்கள் சம்பளம் கொடுக்காமல் ஊரை விட்டுப் போனதால் அவளுடைய காசோலைகள் திரும்புகின்றன. நீதிமன்றம் 30 நாள் சிறை விதிக்கிறது. அவள் தப்பி ஓடி, பணக்கார வெள்ளைக் குடும்பத்தில் சமையல்காரியாகப் புகுந்துகொள்கிறாள். அங்கே கொலை. வேலைக்காரியை யாரும் கண்கொண்டு பார்ப்பதில்லை என்பதால் அவளுக்கு எல்லாம் தெரியவருகிறது. சிரிப்பும் உண்டு, ஆனால் அந்தச் சிரிப்பு சமையலறைப் பக்கத்திலிருந்து வருகிறது. மற்றப் புத்தகங்களில் கலியாண விருந்தைச் சமைத்துப் பரிமாறிவிட்டுக் காணாமல் போகிறவர்கள் யார் என்று அதை வாசித்த பிறகுதான் எண்ணத் தொடங்குவோம்.

எமக்கு இதில் என்ன

போர் நடந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் கொலைக்கதை வாசித்துச் சிரிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. எம்மில் பலருடைய வீட்டில் ஒரு தொங்கல் கணக்கு உண்டு. வெளியில் போனவர் திரும்பவில்லை; கூட்டிக்கொண்டு போனது யார் என்று கேட்க ஆள் இல்லை; கேட்டாலும் எழுதிக்கொள்ள ஆள் இல்லை. ஒவ்வொரு வருடமும் அதே மீதி அடுத்த பக்கத்துக்கு முன்கொண்டு செல்லப்படுகிறது. எங்கள் தொழிலில் தொங்கல் கணக்கை வருடக்கணக்காக மூடாமல் வைத்திருக்கும் நிறுவனத்தைக் கண்டால், அங்கே யாரோ எதையோ மறைக்கிறார் என்றுதான் முதலில் நினைப்போம்.

கோஸி கதை அந்தக் கணக்கை மூடித் தராது. அது செய்யும் காரியம் சின்னது. ஊரில் யாருக்கும் பிடிக்காத ஒரு பெண் செத்தாலும், அவளுடைய சாவுக்கும் ஒரு விடை வேண்டும் என்று ஒரு கிழவி அடம்பிடிக்கிறாள். கேக் உருகுது, விருந்தினர் காத்திருக்கினம், ஷெரிப் போகச் சொல்கிறார், அவள் போகவில்லை. ஒரு மனித உயிர் போனால் யாராவது உட்கார்ந்து விசாரிக்கத்தான் வேண்டும் என்பது இந்தக் கதைகளின் அடிப்படை. இந்த எதிர்பார்ப்பை எம்மில் பலர் எப்போதோ கைவிட்டுவிட்டோம். பிறநாட்டுக் கலியாண வீட்டுப் பகிடி ஒன்றில் அதைத் திரும்பக் காணும்போது மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

வாசிக்க விரும்புவோர் சிரிப்புக்கு ஆன் ஜோர்ஜிடம் தொடங்கலாம். குடும்பமும் சட்டமும் பின்னிய கதை வேண்டுமென்றால் மரன். இரண்டையும் முடித்ததும் கட்டாயம் நீலி. வாசிக்கும்போது யாராவது ஒரு துண்டுக் கடதாசியின் பின்பக்கத்தில் சமையற் குறிப்பு எழுதினால், அதன் முன்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க மறக்காதீர்கள்.